புகை பிடிப்பதும் புகை போடுவதும்

எங்கள் தொழிற்சாலையில் தூசி புகாத தூய அறையின் வாசலில் ஒரு சிறிய தொடுதிரை இருக்கிறது. உள்ளே போகும் ஒவ்வொருவரிடமும் அது மலாயில் மூன்று கேள்விகள் கேட்கும். சளி, இருமல் உண்டா? முகத்தில் பவுடர் போட்டிருக்கிறீர்களா? சற்று முன் புகை பிடித்தீர்களா? மூன்றுக்கும் நான் 'இல்லை' என்று அழுத்துவேன். மூன்றாவதை அழுத்தும்போது மட்டும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஐம்பது வயதாகிறது. சிகரெட்டை விரலால் தொட்டதுகூடக் கிடையாது. திரைக்கு ஆள் தெரியாது, எல்லாரையும் ஒரே மாதிரிதான் கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போவேன்.

அந்த வாசலுக்கு நான் வந்து சேர்ந்தது என் விருப்பத்தால் அல்ல. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பல வருடங்களாக ஆவணப் பிரிவில் இருந்தேன். ஒரு செய்முறைத் தாள் மாறினால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். எந்த மேசையிலும் பழைய பதிப்பு கிடக்கக் கூடாது. அவ்வளவுதான் வேலை, ஆனால் அதைத் தவறில்லாமல் செய்ய ஒருவித மனம் வேண்டும். எனக்கு அது இருந்தது. வீட்டிலும் மசாலா டப்பாக்கள் அகர வரிசையில் நிற்கும். திருமணத்துக்கு முன்பிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். மழை பெய்ததா என்பதுகூட அதில் இருக்கும்.

பிறகு ஒரு நாள் ஆவணப் பிரிவையே மூடப்போவதாகச் சொன்னார்கள். இனி அந்த வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும். எனக்கு இரண்டு வழிகள். ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விலகலாம். இல்லாவிட்டால், மெல்லிய படலங்களால் சென்சார் எனும் உணரிகள் செய்யும் புதிய பிரிவுக்கு மாறலாம். மாற வேண்டுமென்றால் நானோ அளவில் பொருள்களையும் கருவிகளையும் செய்வது பற்றிய அறிமுகப் பயிற்சிக்குப் போய், கடைசியில் கையால் செய்து காட்டும் தேர்வில் தேற வேண்டும். அதற்கு இரண்டு வாய்ப்புகள் தருவார்கள். இரண்டிலும் தவறினால் வீடு.

என் கணவர் அதே தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பேருந்து ஓட்டுகிறார். ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் கீழிருந்துதான் அவருடைய வண்டி கிளம்பும். முதல் இருக்கையில் நான் உட்காருவேன். விலகினால், காலையில் அந்த வண்டி கிளம்பும் சத்தத்தை மாடியிலிருந்து கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன்.

பயிற்சியின் பெயரைக் கேட்டதும் அவர் பேருந்தின் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நானோவா? நல்லாதான் இருக்கு. தப்பு பண்ணது நீயோ, நானோன்னு வீட்ல தினமும் நடக்கிற பாடம்தானே. அதுக்கு ஒரு கிளாஸா?"

அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. பின்னால் அந்த வார்த்தை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

எங்களுக்குப் பாடம் எடுத்த பொறியாளர் டத்தோ கிராமாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் பெண். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். வகுப்பில் எல்லாரும் அவரை மிஸ் என்றே கூப்பிட்டோம். பாடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். நான் விழிப்பதைப் பார்த்தால் மட்டும் பக்கத்தில் வந்து தமிழில் சொல்வார். அப்போது நான் அக்கா ஆகிவிடுவேன்.

என் குழப்பம் முதல் வகுப்பிலேயே தொடங்கியது. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர் என்றார். அதை எழுதிக்கொண்டேன். ஒரு தலைமுடியின் தடிமன் எண்பதாயிரம் நானோமீட்டர் இருக்கும், ஒரு லட்சமாகவும் இருக்கலாம், முடியைப் பொறுத்தது என்றார். அங்கே என் பேனா நின்றது. இவ்வளவு நுண்ணிய அளவை வைத்துக்கொண்டு இருபதாயிரத்தை அப்படியே விட்டுவிடலாமா? எண்பதாயிரம் என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். அந்தக் கேள்விக்குறி இன்னும் அப்படியே இருக்கிறது.

இந்த அளவில் ஒன்றைச் செய்வதற்கு இரண்டு போக்குகள் உண்டாம். பெரிய பொருளை எடுத்துத் தேவையில்லாததை அரித்து அரித்துச் சிறிதாக்குவது ஒன்று. அணுவிலிருந்தும் மூலக்கூறிலிருந்தும் மேலே கட்டிக்கொண்டு வருவது மற்றொன்று. முதலாவது எனக்குப் புரிந்தது. இரண்டாவதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு என்னைக் கலக்கியது. தங்கம் பூசிய தட்டைச் சில வகை மூலக்கூறுகள் கலந்த திரவத்தில் முக்கி வைத்தால், அவை ஒன்றை ஒன்று ஒட்டி, தலை மேலே கால் கீழே என்று தாமாகவே வரிசையாக நின்றுவிடுமாம்.

யார் வரிசைப்படுத்துவார்கள் என்று கேட்டேன்.

"யாரும் இல்ல கா. அதுவே நின்னுக்கும்."

வாழ்நாள் முழுக்கத் தாள்களை வரிசைப்படுத்திச் சம்பளம் வாங்கியவளிடம் சொல்லும் பேச்சா இது? வீட்டுக்கு வந்தும் நெடுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

தேர்வுக்கு நாங்கள் செய்ய வேண்டியது முதல் வகை வேலை. வேஃபர் என்பது கண்ணாடி போல மெருகேற்றிய மெல்லிய சிலிக்கான் வட்டம். அதன் நடுவில் ரெசிஸ்ட் என்ற பிசின் திரவத்தைச் சிறிது விட்டு, வட்டத்தை வேகமாகச் சுழற்ற வேண்டும். திரவம் ஓரம்வரை பரவி ஒரே சீரான படலமாகும். அதைச் சூடுகாட்டி, மேலே கோலம் வரைந்த ஒரு கண்ணாடியை வைத்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால், ஒளி பட்ட இடம் மட்டும் குணம் மாறும். பிறகு ஒரு கரைசலில் கழுவினால் அந்த இடம் கரைந்து, கோலம் வேஃபரில் நிற்கும்.

"தோசை ஊத்துற மாதிரிதான் கா. இங்க கரண்டி சுத்தாது, கல்லு சுத்தும்," என்றார் மிஸ்.

அதுவரை சரி. ஆனால் நாங்கள் வரையும் கோடுகள் நானோ அளவில் இல்லை, அதைவிடப் பல மடங்கு பெரியவை என்று பிறகு தெரிந்தது. அப்படியானால் இதற்கு ஏன் நானோ என்று பெயர்? கோடு பெரிது, படலத்தின் தடிமன்தான் நானோ கணக்கு, இன்னும் மெல்லிய கோடு போட வேறு பெரிய இயந்திரம் வேண்டும், முறை என்னவோ இதேதான் என்றார். தலையாட்டினேன். தலையாட்டியதற்கும் புரிந்ததற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தது.

தூய அறைக்குள் என் நாட்குறிப்புக்கு அனுமதியில்லை. சாதாரணத் தாளிலிருந்து தூசி உதிருமாம். பென்சிலும் கூடாது. தலைமுதல் கால்வரை வெள்ளை உடை, கையுறை, மூக்குக்கு முகமூடி, கண் மட்டும் வெளியே தெரியும். உள்ளே எல்லா விளக்கும் மஞ்சள், ஏனென்றால் நீல ஒளி பட்டால் ரெசிஸ்ட் கெட்டுவிடும். எந்தப் பொருளின் நிறத்தையும் நம்பிப் பெயர் சொல்ல முடியாது. கோலம் வரைந்த கண்ணாடிக்கும் மாஸ்க் என்றே பெயர். முதல் நாள் மிஸ், "மாஸ்க்கச் சரியா வைங்க கா" என்றதும் நான் கையுறைக் கையால் மூக்கு முகமூடியை இழுத்துச் சரிசெய்தேன். உடனே கையுறையை மாற்றச் சொன்னார். அவர் கண்கள் மட்டும்தான் தெரிந்தன, ஆனால் சிரித்தார் என்று நிச்சயமாகச் சொல்வேன்.

அந்த முதல் நாள் திங்கட்கிழமை. அவ்வளவு தடுமாற்றத்துக்கும் நடுவில் என் வேஃபர் பழுதில்லாமல் வந்தது. பிறகு வார நாள்களில் அந்த அறை உற்பத்திக்கு வேண்டுமென்று எங்கள் பயிற்சியைச் சனிக்கிழமைகளுக்கு மாற்றினார்கள். அதிலிருந்துதான் வால்கள் வர ஆரம்பித்தன.

வேஃபரின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் விழுந்திருந்தாலும், சுழலும்போது திரவம் அதில் மோதிப் பிரிந்து, ஓரம்வரை ஒரு கீற்றை இழுத்துவிடும். பார்க்க வால் நட்சத்திரம் போலவே இருக்கும். அங்கே அதற்குப் பெயரும் அதுதான். மற்றவர்களுடைய வேஃபரில் ஒன்றோ இரண்டோ இருக்கும், சில நாள் ஒன்றும் இராது. என்னுடையதில் நடுவிலிருந்து நாலாபக்கமும் வால்கள். கெப்பாலா பத்தாஸிலிருந்து பாலம் கடந்து வரும் மலாய்ப் பெண் ஒருவர் எனக்கு ஜோடி, பக்கத்து மேடையில் வேலை செய்வார். அவர் வேஃபரைத் தூக்கும் இடுக்கியை என்னைவிட அலட்சியமாகத்தான் பிடிப்பார். அவருக்கு வால் வராது.

எனக்குக் காரணம் புரியவில்லை. நான் பிறரைவிடக் கவனமானவள் என்பது தற்பெருமையில்லை, என் வேலையே அதுதான். இன்னும் சுத்தமாக இருக்க முடிவு செய்தேன். நகத்தை ஒட்ட வெட்டினேன். முகப்பவுடரை நிறுத்தினேன். தேங்காய் எண்ணெயை நிறுத்தினேன். காலையில் திருநீறு பூசுவதையும் மாலைக்குத் தள்ளி வைத்தேன். ஒவ்வொரு வெள்ளி மாலையும் வேலை முடிந்து வந்ததும் சிகைக்காய் தேய்த்துத் தலைமுழுகினேன். அடுத்த சனிக்கிழமை வால்கள் கூடின.

தேர்வின் முதல் வாய்ப்பும் சனிக்கிழமைதான் வந்தது. வேஃபரை நுண்ணோக்கியின் கீழே வைக்கவே தேவையிருக்கவில்லை. சாய்த்துப் பிடித்தபோதே தெரிந்தது. எனக்குப் பேருந்து கிளம்பும் சத்தம் காதில் கேட்டது.

வெள்ளை உடையைக் கழற்றும் அறையில் நாங்கள் இருவரும் இருந்தோம். நான் தலையுறையைக் கழற்றினேன். கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. மிஸ் தன் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. வீட்ல புகை போடுவீங்களா?"

"வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோம். எல்லார் வீட்லயும் போடுறதுதானே மிஸ்."

"தலைக்கும் காட்டுவீங்களா?"

"தலைமுழுகினா காட்டாம எப்படி? ஈரம் நிக்கும் இல்ல."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அத்தா வியாழக்கிழமை மஃரிப் தொழுகைக்கு அப்புறம் போடுவாங்க. இங்க வேலைக்குச் சேர்ந்த புதுசுல அவங்ககூட ஒரு மாசம் சண்டை. அந்த வாசனைய நான் எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவேன் லா. வாசல்ல அந்த ஸ்கிரீன் கேக்குதே, புகை உண்டான்னு, நீங்க என்ன அழுத்துறீங்க?"

"அது புகை பிடிச்சியான்னு கேக்குது. நான் புகை பிடிக்கிறதில்லையே."

"புகை பிடிக்கல கா. புகைதான் உங்களப் பிடிச்சிருக்கு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கேட்ட கேள்விக்குத் துல்லியமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். மலாயிலும் அந்தச் சொல் சிகரெட்டைத்தான் குறிக்கும். பிடிப்பது ஒன்று, போடுவது வேறொன்று. ஒன்று கெட்ட பழக்கம், மற்றது பக்தி. இரண்டையும் ஒரே வரியில் வைத்து நான் ஒருநாளும் யோசித்ததில்லை. மிஸ் சொன்னது இதுதான்: புகையின் துகள்கள் மிகச் சிறியவை, முடியிலும் துணியிலும் தங்கும், மூச்சிலும் வெளியே வரும். அதனால்தான் சிகரெட் பிடித்தவர்களைத் தண்ணீர் குடித்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே நிற்கச் சொல்கிறார்கள். அது எங்கிருந்து வந்த புகை என்று வேஃபர் கேட்காது.

சரி என்றேன். ஆனால் மனம் சரி என்று சொல்லவில்லை. நான் சுத்தமாக வேண்டும் என்று செய்த காரியம் என்னை எப்படி அழுக்காக்கும்? தலைமுழுகிப் புகை காட்டிய முடியைவிடச் சுத்தமான ஒன்றை என் வீட்டில் எனக்குத் தெரியாது. அந்த அறையில் அதே முடிதான் குப்பை. சுத்தம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் எப்படி நடமாடுவது என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது வாய்ப்பு அதற்கடுத்த சனிக்கிழமை. கணவரிடம் சொல்வதுதான் தேர்வைவிடக் கடினமாக இருந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டில் சாம்பிராணி அவருடைய பொறுப்பு. தேங்காய்ச் சிரட்டையை எரித்துக் கனல் எடுத்து, தூளைத் தூவி, சாமி படங்களிலிருந்து குளியலறைவரை ஒரு மூலை விடாமல் காட்டுவார். கடைசியில் கீழே இறங்கிப்போய்ப் பேருந்துக்கும் காட்டி, கதவுகளைச் சாத்திவிட்டு வருவார். முதல் வாய்ப்பு போன பிறகு அவர் இன்னும் தீவிரமாகிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமைக்கென்றே லிட்டில் இந்தியாவில் நல்ல கட்டிச் சாம்பிராணி வாங்கி வைத்திருந்தார். எனக்காக.

சோறு போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். இந்த வெள்ளி வேண்டாம், என் தலைக்கும் வேண்டாம், வீட்டுக்கும் வேண்டாம் என்றேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"சாமிக்குக் காட்டுறது உங்க கம்பெனிக்கு அழுக்கா?"

"சாமி அழுக்குன்னு யாருங்க சொன்னது? புகைல தூசி இருக்காம்."

"கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாதத நம்புறதுன்னா, நான் நம்புறதும் அதுதான்மா. உன் மிஸ்ஸ நீ நம்பு. எனக்கு என் சாமி."

அவர் தட்டில் ரசம் ஊற்றினேன். பிறகு அவரே, அப்படியானால் வீட்டை விட்டுவிடுகிறேன், பேருந்துக்கு மட்டும் காட்டுகிறேன் என்று இறங்கி வந்தார். அந்தப் பேருந்தில்தான் நான் போக வேண்டும் என்றேன். அப்போதுதான் அவர் கை தட்டில் நின்றது. இத்தனை சனிக்கிழமைகளும் மூடிய வண்டிக்குள் அந்தப் புகையோடுதான் என்னை அழைத்துப் போயிருக்கிறார் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அவர் எழுந்து கை கழுவினார்.

வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் விளக்கு மட்டும் எரிந்தது. அவர் சாம்பிராணிக் கட்டியைப் பிரிக்காமலேயே படத்தின் முன் வைத்தார். நான் வெறும் ஷாம்பு போட்டுத் தலை கழுவி, மின்விசிறியின் கீழே உட்கார்ந்து காயவைத்தேன். இருக்கைத் துணியில் பழைய புகை ஊறியிருக்குமே என்று மறுநாள் காலை அவருடைய வண்டியில் ஏறவில்லை. மார்க்கெட் பக்கம் நடந்துபோய் டவுன் பஸ் பிடித்து, கொம்தாரில் இறங்கி வேறு பஸ் ஏறினேன். இத்தனை வருடங்களில் முதல்முறையாக அவருடைய முதல் இருக்கை காலியாகப் போனது. அதில் வேறு யாரையும் உட்காரவிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

வாசலில் திரை கேட்டது. புகை? இல்லை என்று அழுத்தினேன். விரல் கொஞ்சம் தயங்கியது.

ரெசிஸ்டை விட்டேன். வேஃபர் சுழன்று நின்றது. மஞ்சள் வெளிச்சத்தில் அதைச் சாய்த்துப் பிடித்தேன். நடுவில் ஒன்றுமில்லை. ஒரே சீராக, அமைதியாக இருந்தது. ஆனால் ஓரத்தில் ஒரே ஒரு வால், சிற்றெறும்பு அளவுக்கு. மிஸ் குனிந்து பார்த்தார். ஓர விளிம்பைக் கணக்கில் எடுப்பதில்லை, அந்த வால் விளிம்புக்குள்தான் இருக்கிறது என்றார். மிச்ச வேலைகளையும் செய்யச் சொன்னார். கழுவி முடித்து நுண்ணோக்கியில் வைத்தபோது கோடுகள் எல்லாம் ஒன்றை ஒன்று தொடாமல் நின்றன. தேறிவிட்டேன்.

உடை மாற்றும் அறையில் அவரிடம் கேட்டேன், சாம்பிராணிதான் காரணம் என்று நிச்சயமாகச் சொல்லலாமா என்று.

"சொல்ல முடியாது கா. இந்த வாரம்தான் நீங்க வேஃபர் சுத்துற மேடைக்கு மேல இருக்கிற காத்து ஃபில்டரையும் மாத்தினாங்க."

"அப்போ ஃபில்டரா?"

"அதுவும் தெரியாது. ரெண்டையும் ஒரே வாரத்துல மாத்திட்டோமே."

ஃபில்டர் பழுதென்றால் மற்றவர்களுக்கும் வால் வந்திருக்க வேண்டாமா என்றேன். அவசியமில்லை, எல்லாரும் ஒரே மேடையில் நின்றதில்லையே என்றார். எது காரணம் என்று தெரிய வேண்டுமானால் நான் மறுபடியும் புகை போட்டுக்கொண்டு வந்து நின்று பார்க்க வேண்டும். அதற்கு மிஸ்ஸும் சம்மதிக்க மாட்டார், எனக்கும் தைரியமில்லை. எழுதுவதற்கு ஒரு காரணமும் கிடைக்காமல் அன்றைய நாட்குறிப்பில் தேறினேன் என்ற ஒரே சொல்தான் இருக்கிறது.

மாலை வீடு திரும்பக் கணவரின் வண்டியில் ஏறினேன். முதல் இருக்கையில் அவருடைய துண்டு கிடந்தது. அதை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னேன். ஃபில்டரைப் பற்றியும் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அப்போ தப்பு என் சாம்பிராணியோ, அவங்க ஃபில்டரோ. நீயோ நானோன்னு கடைசி வரைக்கும் தெரியாது. அதானே?"

"ஆமாங்க."

"இன்னைக்கு போடலாமா?"

நாளைக்கு ஞாயிறு, விடுமுறை என்று கணக்குப் பார்த்துவிட்டுப் போடலாம் என்றேன். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை அவர் சனிக்கிழமை போட்டார். இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. திங்கட்கிழமைக்குள் இரண்டு முறை தலை கழுவிவிட்டுத்தான் புதிய பிரிவுக்குப் போகிறேன். சாமி நாள் மாறியதைப் பற்றி அவர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சாமியும் சொல்லவில்லை.

திரை மட்டும் ஒவ்வொரு காலையும் கேட்கிறது. மூன்றாவது கேள்விக்கு இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. 'இல்லை' என்றுதான் அழுத்துகிறேன். அழுத்திவிட்டு, அது உண்மையா என்று அறியக் கையுறை போடுவதற்குள் என் பின்னலை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன். சில நாள் வாசனை இருப்பது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது.